பைக் ரேலி நடத்தப் போறீங்களா? கொடி அசைக்கும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

'ஞாயிறு காலை 5 மணி, ஏலகிரி ரைடு. யாரெல்லாம் வர்றீங்க?' பெரும்பாலான பைக் ரேலிகள் இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜில்தான் ஆரம்பிக்கின்றன. முதல் நாள் 12 தம்ஸ்-அப். மறுநாள் இன்ஸ்டா ஸ்டோரியில் போஸ்டர். மூன்றாம் நாள் டி-ஷர்ட்டுக்கும் காலை டிபனுக்கும் சேர்த்து ஜிபே-யில் 600 ரூபாய். வார இறுதிக்குள் 60 பைக்.

இதில் எந்த இடத்தில் நண்பர்களின் ரைடு 'நிகழ்ச்சி' ஆனது? மெசேஜ் போட்ட நீங்கள் எப்போது 'அமைப்பாளர்' ஆனீர்கள்? போஸ்டரில் உங்கள் குழுவின் பெயரைப் போட்டு, முன்பின் தெரியாதவர்களை அழைத்து, பணம் வாங்கி, ரூட்டையும் நேரத்தையும் நீங்களே முடிவு பண்ணிய இடத்தில். 'நாங்க ரெஜிஸ்டர் பண்ணாத சும்மா ஒரு குரூப்தாங்க' என்பது தப்பிக்கும் வழி அல்ல. பதிவு பெற்ற அமைப்பு இல்லையென்றால், வழக்கு நேராக மனிதர்கள் பெயரில் வரும். அட்மின் பெயரிலும், பணம் வாங்கிய ஜிபே நம்பரின் பெயரிலும்தான். அடிக்கடி ரைடு நடத்துகிற குழு என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். 7 பேர் இருந்தால் போதும். ஆனால் அதுவும் கணக்கு வழக்குக்குத்தான் கவசம். அலட்சியத்தால் உயிர் போனால் வரும் கிரிமினல் வழக்கைச் சங்கத்தின் பெயர்ப்பலகை தாங்காது.

அமைப்பாளர் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பைக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2006 ஏப்ரல் 10-ம் தேதி உத்தரப்பிரதேச மாநிலம் மீரட்டில் ஒரு நுகர்பொருள் கண்காட்சியில் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். 'பந்தல் போட்டது, கரன்ட் இழுத்தது எல்லாம் கான்ட்ராக்டர். நாங்கள் காசு கொடுத்தோம், அவ்வளவுதான்' என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022-ல் வந்த தீர்ப்பில் இழப்பீட்டில் 60 சதவிகிதம் அமைப்பாளர்கள், 40 சதவிகிதம் மாநில அரசு என்று பிரித்தது. மக்களை ஓர் இடத்துக்கு அழைத்தவன், அந்த இடத்தின் பாதுகாப்பையும் சேர்த்தே தலையில் ஏற்றிக்கொள்கிறான். கூப்பிட்ட இடம் பந்தலாக இருந்தாலும் சரி, மலை அடிவாரப் பார்க்கிங்காக இருந்தாலும் சரி.

ரைடா, ரேஸா?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். பொதுச்சாலையில் வண்டிகள் போட்டி போடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு தடை செய்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. போட்டியில் கலந்துகொண்டவர் மட்டுமல்ல, அதை 'அனுமதித்தவரும்' குற்றவாளி. முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஓராண்டு, 10,000 ரூபாய்.

'நாங்க ரேஸ் எல்லாம் விடலையே' என்பீர்கள். சரி, 'ஏலகிரிக்கு முதலில் வந்து சேரும் 3 பேருக்கு ஹெல்மெட் பரிசு' என்று போஸ்டரில் ஒரு வரி போட்டீர்களா? வேகத்துக்குப் பரிசு அறிவித்துவிட்டீர்கள். 'இத்தனை மணிக்குள் செக்பாயின்ட்டைத் தொட வேண்டும்' என்று டைமிங் வைப்பதும் ஆபத்தான விளையாட்டு. பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்று ஒரு சின்ன எழுத்துப் பகுதி இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, பேஸ்-மேக்கிங், ரிலையபிலிட்டி டிரையல் எல்லாவற்றுக்கும் கவரேஜ் கிடையாது என்று அதில் இருக்கும். அதாவது, நீங்கள் ஜாலிக்கு வைத்த ஒரு டைமிங், 60 பேரின் பாலிசியையும் கேள்விக்குறி ஆக்கலாம்.

பரிசு கொடுக்கத்தான் ஆசை என்றால், நன்றாகப் பராமரித்த பழைய பைக், அதிக வயதான ரைடர், சிறந்த போட்டோ என்று கொடுங்கள். நிஜமான போட்டிதான் வேண்டும் என்றால் அது வேறு உலகம். இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ-யின் அனுமதி, லைசென்ஸ் வாங்கிய ரைடர்கள், டிராக்கில் ஆம்புலன்ஸ் என்று எல்லாம் விதிப்படி நடக்கும். நமக்கு அந்த வகையில் கொடுப்பினை அதிகம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என இரண்டு டிராக்குகள் இருக்கின்றன. வேகத்தை அங்கே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

ஸ்டன்ட்டும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் ஹைவேயில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் லைசென்ஸை 10 வருடத்துக்கு ரத்து பண்ணினார்கள். உங்கள் ரேலி ரீல்ஸில் ஒரே ஒரு வீலிங் ஷாட் இருந்தாலும், ஏதாவது பிரச்னை வரும்போது அதுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆதாரம். அதை உங்கள் குழுவின் ஐ.டி-யிலேயே, மியூசிக் போட்டு, நீங்களே அப்லோடு பண்ணியிருப்பீர்கள்!

ஒரு ரைடு, ஆறு போலீஸ் எல்லை

சென்னையிலிருந்து ஏலகிரி சுமார் 230 கி.மீ. ஆனால் போலீஸ் கணக்கில் பாருங்கள். சென்னை மாநகரில் கிளம்பி, பூந்தமல்லி பக்கம் ஆவடி கமிஷனரேட், பிறகு காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், கடைசியில் திருப்பத்தூர். கிளம்பும் இடத்து ஸ்டேஷனில் மட்டும் ஒரு லெட்டர் கொடுத்துவிட்டு 'பர்மிஷன் வாங்கியாச்சு' என்று ஸ்டேட்டஸ் போடுவது பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

சென்னையில் கூட்டம், ஊர்வலங்களை முறைப்படுத்தும் அதிகாரம் 1888-ம் வருட மாநகர காவல் சட்டத்தின் 41-வது பிரிவில் இருக்கிறது. மாவட்டங்களில் 1861-ம் வருட போலீஸ் சட்டத்தின் 30-வது பிரிவு. செய்திகளில் '30(2) அமல்' என்று படிப்பீர்களே, அதே பிரிவுதான். அது அமலில் இருக்கும் நாளில் 60 பைக் வரிசையாகப் போனால், அது டூரா ஊர்வலமா என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை, இன்ஸ்பெக்டர். அதனால் வழியில் இருக்கும் ஒவ்வொரு மாவட்ட எஸ்.பி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு சீல் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் நாலு வரியில் இருந்தால் போதாது. எத்தனை பைக், எந்த ரூட், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள், பொறுப்பாளர்கள் இரண்டு பேரின் செல் நம்பர், கூட வரும் ஆம்புலன்ஸின் நம்பர், ஸ்பீக்கர் உண்டா இல்லையா என எல்லாமே வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். உள்ளூர்த் திருவிழாவோ வி.ஐ.பி வருகையோ இருந்தால் அவர்களே தேதியை மாற்றச் சொல்வார்கள். மாற்றிவிடுங்கள். அதில் ஈகோ பார்த்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

ரூட்டையும் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும். மேப்பில் பார்ப்பது போதாது. இப்போது எல்லாச் சாலையிலும் பைக் போக முடியாது. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் டூ-வீலருக்குத் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையை 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் கொண்டுவந்தார்கள். பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போகக் கூடாது. ஊட்டி வழியாக மைசூரு போகும் பிளான் என்றால், ஒரு பஞ்சர் உங்களை மொத்தக் கூட்டத்தோடு செக்போஸ்ட்டில் உட்கார வைத்துவிடும்.

இன்னொன்று, மார்ஷல்கள். சிக்னலில் இரண்டு பேர் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, மற்ற வண்டிகளை மறித்து, தங்கள் கூட்டத்தை அனுப்பும் பழக்கம் நிறைய குழுக்களில் இருக்கிறது. பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் டிராஃபிக்கை நிறுத்தும் அதிகாரம் போலீஸுக்குத்தான். நீங்கள் மறித்த வண்டிகளுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவசர வண்டிக்கு வழிவிடாததற்கு மட்டும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. சிக்னலில் கூட்டம் பிரிந்தால் பிரியட்டும். அடுத்த பங்க்கில் சேர்ந்துகொள்ளலாம்.

'எது நடந்தாலும் நானே பொறுப்பு': இந்த ஒரு கையெழுத்து போதுமா?

கூகுள் ஃபார்மின் கடைசியில் ஒரு டிக் பாக்ஸ் வைத்துவிட்டு, 'இனி நமக்குப் பொறுப்பு இல்லை' என்று நிம்மதியாகத் தூங்கும் அமைப்பாளர்கள் அதிகம். வெய்வர் எனப்படும் அந்தப் பத்திரம் வீண் இல்லை. பைக் ஓட்டுவதில் இயல்பாகவே இருக்கும் ஆபத்தை ரைடர் தெரிந்துதான் வந்தார் என்பதற்கு அது சாட்சி. மழையில் அவரே வழுக்கி விழுந்தார் என்றால் உங்களுக்கு உதவும்.

ஆனால் அதற்கு மூன்று ஓட்டைகள். உங்கள் அலட்சியத்துக்கு அது பதில் சொல்லாது. பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. போதையில் இருந்தவரைப் பார்த்தும் கிளம்ப விட்டீர்கள் என்றால், கையெழுத்தை எடுத்துக்காட்டி நழுவ முடியாது. அடுத்து, 18 வயது ஆகாதவர் போட்ட கையெழுத்துக்கு ஒப்பந்த மதிப்பே இல்லை. மூன்றாவதுதான் பெரியது. சாலையோரம் நடந்துபோன ஒரு பெரியவரை உங்கள் ரைடர் இடித்துவிட்டால், அந்தப் பெரியவர் உங்கள் ஃபார்மில் எதற்கும் டிக் அடிக்கவில்லையே!

கிரிமினல் வழக்கில் வெய்வருக்கு வேலையே இல்லை. அலட்சியத்தால் மரணம் ஏற்படுத்தினால் பழைய ஐ.பி.சி-யில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை.

எனவே வெய்வரை வாங்குங்கள். தமிழில், படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் அமெரிக்க ஃபார்மை அப்படியே காப்பி அடித்து 'நெவாடா மாநிலச் சட்டப்படி' என்ற வரியோடு சுற்றில் விடுவதெல்லாம் காமெடி.

இன்ஷூரன்ஸ்: பாலிசி இருக்கு, ஆனா யாருக்கு?

60 பேரில் பெரும்பாலானவர்களிடம் பாலிசி இருக்கும். ஆனால் அது யாருக்குப் பணம் தரும் என்று கேட்டால் 10 பேருக்குக்கூடத் தெரியாது என்பது என் கணிப்பு.

கட்டாயமாக எடுக்க வேண்டிய தேர்டு பார்ட்டி பாலிசி, நீங்கள் இடித்தவருக்கானது. உங்களுக்கானது அல்ல. அதிர்ச்சி என்னவென்றால், உங்கள் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அது கிடையாது. டூ-வீலரில் இலவசமாகப் பின்னால் உட்கார்ந்து வருபவரை வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி காப்பாற்றாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்கிறோமே, அதில்தான் பில்லியனுக்கும் கவரேஜ் உண்டு. ஆகவே உங்கள் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் 'இன்ஷூரன்ஸ் இருக்கா?' என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். 'எந்த வகை?' என்றும் கேளுங்கள். பேக்கேஜ் இல்லாத பைக்கில் பில்லியன் கிடையாது என்று விதியே போட்டுவிடலாம். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

ஓட்டுபவருக்கு இருப்பது 15 லட்சம் ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர். ஆனால் அது 'ஓனர்-டிரைவர்' கவர். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே ஓட்டினால்தான், அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். மச்சானின் புல்லட்டை இரவல் வாங்கி வருகிறவருக்கு? இரவல் வாங்கியவர் சட்டப்படி உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், அவர் 'மூன்றாம் நபர்' ஆக மாட்டார் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தானே விழுந்தால் அந்த பைக்கின் தேர்டு பார்ட்டி கவரில் கை வைக்க முடியாது. ரேலிகளில் இரவல் பைக் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும்.

வாடகை பைக் என்றால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் முறையாக வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளை பிளேட் பைக்கை நாள் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் மலிவாகக் கொடுப்பார்கள். ஆனால் சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைப் பயன்பாட்டுக்கு இடமே இல்லை.

இதெல்லாம் ரைடர்களின் பாலிசி. அமைப்பாளராக நீங்கள் தனியாக எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கலந்துகொள்ளும் எல்லோருக்கும் சேர்த்து அந்த நாள்களுக்கு மட்டும் எடுக்கும் குரூப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. இதைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். இன்னொன்று, நிகழ்ச்சிக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. ஷாமியானா சரிந்து ஊர்க்காரர் ஒருவருக்கு அடிபட்டாலோ, ரிசார்ட்டின் கண்ணாடிக் கதவு உடைந்தாலோ, கேட்பார்களே நஷ்டஈடு, அதற்கானது. பாலிசியில் ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, மொத்தமாக அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் தனித்தனியாக இருக்கும். முதலாவது ரொம்பக் குறைவாக இருந்தால் மொத்தத் தொகை பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஏஜென்ட்டிடம் 'மோட்டார் சைக்கிள் ரைடு' என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லி, அது விலக்குப் பட்டியலில் இல்லை என்று இமெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் 'அதெல்லாம் கவர் ஆகும் சார்' என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஸ்பான்சர் இருந்தால் அவர்களின் ஒப்பந்தத்தில் 'எந்த இழப்பு வந்தாலும் அமைப்பாளரே ஈடுகட்ட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். பேனர் போடக் கொடுத்த 20,000 ரூபாய்க்காக அவர்களின் மொத்தப் பொறுப்பையும் உங்கள் தலையில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

'இல்லை' சொல்லும் டேபிள்

கிளம்பும் இடத்தில் ஒரு டேபிள் போடுங்கள். அங்கே நிற்பவர் கறாரான ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார், கண்டுபிடியுங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் பைக் நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று வந்துவிடும். லைசென்ஸை டிஜிலாக்கரில் காட்டினால் போதும். எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் அடுத்த ரைடுக்கு வரட்டும்.

18 வயது ஆகாதவர் விஷயத்தில் சலுகையே கூடாது. சிறார் ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. 'அப்பாதான் அண்ணே அனுப்பினார்' என்று சொன்னால், அந்த அப்பாவுக்காகவே திருப்பி அனுப்புங்கள்.

ஹெல்மெட் இருவருக்கும். டயர், பிரேக், ஹெட்லைட் ஒரு நிமிடம் பாருங்கள். காது கிழிக்கும் சைலன்சரோடு வருகிறவரை அனுமதித்தால் ஊர் மக்களின் சாபம் மொத்தக் குழுவுக்கும். நேற்றிரவுப் பார்ட்டியின் வாசனை யாரிடமாவது அடித்தால் சாவியை வாங்கி வைத்துவிட்டு பேக்-அப் வேனில் ஏற்றுங்கள். இதற்கு முதலிலேயே ஒரு விதி வேண்டும்: திருப்பி அனுப்பப்பட்டவருக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? போஸ்டரிலேயே போட்டுவிட்டால் காலை 5 மணிக்கு நடுரோட்டில் பஞ்சாயத்து இருக்காது.

ஃபார்மில் ரத்த வகை, அலர்ஜி, வீட்டு நம்பர் கேளுங்கள். அந்தத் தகவலை குரூப்பில் பி.டி.எஃப் ஆகப் போடாதீர்கள். முக்கியமாகப் பெண் ரைடர்களின் நம்பர் 60 பேர் கைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும். ஆதார் நகல் எதற்கு? தேவையே இல்லை.

ரோட்டில்

60 பைக்கை ஒரே சரமாக விடாதீர்கள். அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அமைப்பான எம்.எஸ்.எஃப் சொல்லும் கணக்கு, ஒரு குழுவுக்கு 5 முதல் 7 பேர். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு லீட், கடைசியில் ஒரு ஸ்வீப். ஸ்வீப்தான் இருப்பதிலேயே அனுபவசாலியாக இருக்க வேண்டும். நம் ஊரில் தலைகீழாகச் செய்வார்கள். வேகமாக ஓட்டுகிறவர் லீட், மெதுவாக ஓட்டுகிறவர் ஸ்வீப்! புதியவர்கள் லீடுக்கு அடுத்து வரட்டும்.

நேர்ச்சாலையில் ஒருவர் இடதுபக்கம், அடுத்தவர் வலதுபக்கம் என்று மாறி மாறி, முன்னால் போகிறவருக்கு 2 விநாடி இடைவெளி. மலை ஏறும்போது ஒற்றை வரிசை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்து ரசிக்கும் வேகத்தில் போனால் சரியான வேகம். நான்குவழிச் சாலையில் டூ-வீலருக்கு உச்ச வரம்பு 80 கி.மீ, சென்னை மாநகருக்குள் 50. லீட் ரைடர் 70-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பின்னால் விட்டதைப் பிடிக்க வருகிறவர் 100-ல் பறக்க வேண்டியிருக்காது. கடைசி ஆள் எப்போதுமே முதல் ஆளைவிட வேகமாக ஓட்டுகிறார் என்பதை ரைடு போனவர்கள் கவனித்திருப்பார்கள்.

எந்தக் கிலோமீட்டரில் எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு சீட்டு எல்லா ஸ்வீப்பிடமும் இருக்கட்டும். இந்த ரூட்டில் ராணிப்பேட்டையில் சி.எம்.சி-யின் விபத்து சிகிச்சை மையம், வேலூர் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்குப் பிறகு திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, பொதுவான அவசரத்துக்கு 112.

பார்க்கிங் டோக்கனும் பவுன்சரும்

போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பலரும் ரிலாக்ஸ் ஆகிவிடுகிறார்கள். 60 பைக், ஹெல்மெட், ஜாக்கெட், ஆக்‌ஷன் கேமரா என்று லட்சக்கணக்கான ரூபாய் பொருள் வெட்டவெளியில் நிற்கிறது. 'வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டினால் போதுமா? டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வேலே பார்க்கிங்கில் விட்ட கார் 1998-ல் திருடுபோன வழக்கில், 2019-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தீர்கள் என்றால் பொருள் உங்கள் பொறுப்பில் வந்துவிட்டது. 'ஓனர் ரிஸ்க்' என்று டோக்கனின் பின்பக்கம் அச்சடித்து உங்கள் அலட்சியத்தை மறைக்க முடியாது.

ஆகவே சாவியை வாங்காதீர்கள். இடத்தை மட்டும் காட்டுங்கள், பூட்டுவது அவரவர் வேலை. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. வெளியே போகும் வழியில் நிற்பவர் கைப்பட்டை நம்பரும் பைக் நம்பரும் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். சாயந்திரம் வெளிச்சம் இருக்கும் இடமா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

செக்யூரிட்டிக்கு 'நம்ம பசங்களே பாத்துக்குவாங்க' என்று விடுவது இந்தத் துறையின் மிகப் பழைய தப்பு. 1969 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் இசை நிகழ்ச்சியில், மேடைப் பாதுகாப்பை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பைக் கிளப்பிடம் விட்டார்கள். கூலியாக பீர் கொடுத்தார்கள் என்பது பிரபலமான கதை. 18 வயது இளைஞர் ஒருவர் மேடை முன்பே குத்திக் கொல்லப்பட்டார். 2002-ல் நெவாடாவின் லாஃப்லின் நகரில் வருடாந்தர பைக் ரேலியின்போது இரண்டு கிளப்புகள் கசினோவுக்குள் மோதிக்கொண்டதில் 3 பேர் இறந்தார்கள். நம் ஊர்க் குழுக்கள் அந்த ரகம் இல்லைதான். ஆனால் இரண்டு குழுக்களுக்கு இடையே கமென்ட் பாக்ஸில் ஆரம்பித்த சண்டை நேரில் தொடர்வதை யாரும் மறுக்க முடியாது. அன்று பிரிக்க வேண்டியவரே ஒரு குழுவின் ஆள் என்றால், பிரிப்பாரா, சேர்ந்து அடிப்பாரா?

வெளியாட்களை வைப்பதென்றால் 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் உள்ள ஏஜென்சியிடம் எடுங்கள். ஜிம்மிலிருந்து நாலு பேரைக் கறுப்பு டி-ஷர்ட்டில் கூட்டி வந்தால் அவர்கள் செய்யும் அடிதடிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்சி ஆட்களுக்கும் போலீஸ் அதிகாரம் கிடையாது. வாசலில் நிறுத்தலாம், போலீஸைக் கூப்பிடலாம், அவ்வளவே. பெண்கள் வரும் ரைடு என்றால் பெண் மார்ஷல் ஒருவர் கட்டாயம். யாராவது தொந்தரவு கொடுத்தால் யாரிடம் சொல்வது என்று காலை பிரீஃபிங்கிலேயே அவரை நிற்க வைத்து அறிமுகம் செய்யுங்கள். குரூப்பின் சீனியர் மீதே புகார் வந்தாலும் அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் இரவு 10 மணிக்கு ஆஃப். திரும்பி வரும் நாளுக்கு முந்தைய இரவு மது வேண்டாம். இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் காலையில் இறங்க வேண்டியது அதே 14 வளைவுகளில்தான்.

விபத்து நடந்துவிட்டால்

அடிபட்டவருக்குச் சிகிச்சைதான் முதலில். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. கையில் காசு இல்லை என்று வண்டியைச் சுற்ற விடாதீர்கள். ஓடிவந்து தூக்கிய ஊர்க்காரர் 'போலீஸ் கேஸ் ஆகுமே' என்று தயங்கினால், உதவுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே இருப்பதைச் சொல்லுங்கள்.

விபத்தில் சிக்கிய ரைடர் போலீஸுக்குத் தகவல் சொல்வது கட்டாயம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். 'நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்' என்று ஸ்பாட்டில் 10,000 ரூபாய் கொடுத்து வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்குவது, பின்னால் இன்ஷூரன்ஸ் கிளெய்மைக் கெடுக்கும். ஒரு மார்ஷல் மட்டும் போட்டோ, வீடியோ எடுக்கட்டும். டயர்த் தடம், பள்ளம், மணல், வண்டிகள் நின்ற நிலை எல்லாம் வேண்டும். அடிபட்டவர் முகம் வேண்டாம். மற்றவர்களை 500 மீட்டர் தள்ளி, ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். இரண்டாவது விபத்து பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில்தான் நடக்கிறது. வீட்டுக்கு ஒரே ஒருவர் போன் செய்யட்டும், இன்ஸ்டா ஸ்டோரி பார்த்து ஓர் அம்மா தெரிந்துகொள்ளக் கூடாது.

அன்றே போலீஸுக்குக் கொடுத்த கடிதங்கள், வந்தவர்களின் பட்டியல், டேபிளில் சரிபார்த்த தாள், காலை பிரீஃபிங் வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுப் பூட்டுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க விபத்து நாளிலிருந்து 6 மாதம் அவகாசம். மனு வந்த பிறகு சம்மன் உங்கள் கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை அந்த ஃபோல்டரை போன் ஸ்டோரேஜ் ஃபுல் என்று டெலீட் பண்ணிடாதீங்க.